தாயுமானவர் வந்த தெருவுக்கு நுகர்வோர் பாதுகாப்பும் வரட்டும்

உணவுப் பொருள் வழங்கல் மற்றும் நுகர்வோர் பாதுகாப்புத் துறை ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம்.

தாயுமானவர் திட்டத்தை முதல்வர் மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்தது எங்கள் தண்டையார்பேட்டையில்தான், 2025 ஆகஸ்ட் 12 அன்று. எழுபது வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருள் வீட்டு வாசலுக்கே வர ஆரம்பித்தது. வாரியக் குடியிருப்பின் மூன்றாம் மாடியிலிருந்து கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டே இறங்கி, வெயிலில் வரிசையில் நின்று, கடைசியில் கைரேகை பதியவில்லை என்று வெறும் பையோடு திரும்பிய பாட்டிகள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர். அவர்கள் வாசலில் தராசும் கருவியும் வந்து நின்றதைப் பார்த்தபோது மனம் நிறைந்தது. அதற்கு முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன்.

உங்களிடம் இரண்டு பெரிய பொறுப்புகள் இருக்கின்றன. ஒன்று ரேஷன். இன்னொன்று, கடையில் காசு கொடுத்துப் பொருள் வாங்குகிற எல்லாரும் ஏமாறாமல் பார்த்துக்கொள்வது. முதல் பொறுப்பை வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுவந்துவிட்டீர்கள். இரண்டாவது இன்னும் உங்கள் அலுவலகம் இருக்கும் சேப்பாக்கம் எழிலகத்தைத் தாண்டி எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை. அதைக் கொண்டு வாருங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். புதுச் சட்டம் வேண்டாம், புதுக் கட்டடமும் வேண்டாம். வழியை உங்கள் துறையே ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறது.

ஒவ்வொரு மாதமும் இரண்டாவது சனிக்கிழமை சென்னையின் 19 மண்டல உதவி ஆணையர் அலுவலகங்களிலும் பொது விநியோகத் திட்டக் குறைதீர் முகாம் நடத்துகிறீர்கள். குடும்ப அட்டையில் பேரன் பெயரைச் சேர்க்க, இறந்தவர் பெயரை நீக்க, முகவரி மாற்ற, செல்போன் எண் மாற்ற என்று ஜனங்கள் வருகிறார்கள். அந்த முகாம் பற்றி அரசு வெளியிடும் செய்திக்குறிப்பின் கடைசியில் ஒரு விஷயம் சொல்லப்படுகிறது. தனியார் சந்தையில் விற்கப்படும் பொருட்களிலோ சேவைகளிலோ குறைபாடு இருந்தால் அதையும் இந்த முகாமில் தெரிவிக்கலாம், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி குறைதீர் நடவடிக்கை எடுக்கப்படும் என்பது அது. எங்கள் பகுதியில் நான் விசாரித்தவர்களில் ஒருவருக்கும் இது தெரிந்திருக்கவில்லை. ரேஷன் கார்டு வேலைக்கு மட்டும்தான் அந்த முகாம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். காசிமேட்டில் மீன் விற்கும் அம்மாவோ கொருக்குப்பேட்டையில் இட்லிக்கடை நடத்தும் அக்காவோ எழிலகம் தேடிப் போகமாட்டார்கள். மண்டல அலுவலகத்துக்குப் போவார்கள். ரேஷன் கார்டுக்காக எப்படியும் போய்ப் பழகிய இடம் அது.

அந்த முகாம் ஏன் எங்களுக்கு அவ்வளவு முக்கியம் என்று சொல்கிறேன்.

எங்கள் தெருவில் ஒரு அக்கா வாஷிங் மெஷின் வாங்கினார். பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதை எடுத்தார். கடைக்காரர் ஒரு வெள்ளைத் தாளில் தொகையை எழுதி, மேலே ‘எஸ்டிமேட்’ என்று அச்சடித்த சீட்டைக் கொடுத்தார். “ஜிஎஸ்டி பில் போட்டா விலை கூடும்க்கா, உங்களுக்காகத்தான் குறைச்சிருக்கேன்” என்றார். அக்காவும் சரி என்று வந்துவிட்டார். சில மாதங்களில் மோட்டார் நின்றுபோனது. கம்பெனியின் சர்வீஸ் ஆள் வந்து பார்த்தார். முறையான பில் இல்லை, வாரண்டி கார்டில் கடை முத்திரையும் இல்லை, அதனால் காசு கட்ட வேண்டும் என்றார். கடைக்குப் போனால், கம்பெனியைக் கேளுங்கள் என்கிறார்கள். கம்பெனி நம்பருக்குப் போன் செய்தால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று இயந்திரம் பேசுகிறது. கடைசியில் தெருமுனை மெக்கானிக்கிடம் கொடுத்துக் கைக்காசு போட்டுச் சரி செய்துகொண்டார்.

அக்காவுக்குச் சட்டத்தின் பலம் முழுக்க இருந்தது. பில் கொடுக்க மறுப்பதே நேர்மையற்ற வணிக நடைமுறை என்று 2019 சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது. விற்ற பொருளில் குறை இருந்தால், பில்லில் சொன்ன காலத்துக்குள் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுக்க மறுப்பதும் அப்படித்தான். காலம் எதுவும் சொல்லவில்லை என்றால் முப்பது நாள் என்று சட்டமே வைத்திருக்கிறது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று கல்லாவுக்கு மேலே பலகை மாட்டி வைப்பதால் குறையுள்ள பொருளை விற்றவரின் பொறுப்பு போய்விடாது. இதெல்லாம் அந்த அக்காவுக்குத் தெரியாது. சொல்ல ஆளில்லை. கடைக்காரருக்கு ஓரளவு தெரிந்திருக்கும். ஆனால் யாரும் வந்து கேட்கப் போவதில்லை என்பதும் அவருக்குத் தெரியும். எஸ்டிமேட் சீட்டு எங்கள் பக்கம் இவ்வளவு சர்வசாதாரணமாக ஓடுவதற்குக் காரணம் அந்தத் தைரியம்தான் என்று நினைக்கிறேன்.

நுகர்வோர் வழக்குகளை விசாரிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சட்டம் ஏழைக்குச் சாதகமாகவே எழுதப்பட்டிருக்கிறது. கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், நாம் குடியிருக்கிற இடத்திலேயே புகார் கொடுக்கலாம். இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. இணையத்திலும் பதியலாம். அதற்கான இணையதளம் முன்பு இ-தாக்கில் என்று இருந்தது, 2025 தொடக்கத்திலிருந்து இ-ஜாக்ரிதி. ஆனால் இணையத்தில் பதிய வேண்டுமென்றால் புகாரைத் தட்டச்சு செய்ய வேண்டும், பிரமாண வாக்குமூலம் வேண்டும், ஆவணங்களை ஸ்கேன் செய்து வரிசைப்படுத்தி ஏற்ற வேண்டும். விடியற்காலை மூன்று மணிக்கு மீன் ஏலத்துக்குப் போய்விட்டு, வெயில் ஏறும் வரை கூடையோடு உட்கார்ந்திருக்கிற ஒரு பெண்ணால் இதைத் தனியாகச் செய்ய முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். பிரவுசிங் சென்டரில் கேட்டால், அவர்களுக்கு பான் கார்டும் பாஸ்போர்ட்டும் தெரியும். நுகர்வோர் புகார் தெரியாது. 1915 என்ற தேசிய உதவி எண் நல்ல ஏற்பாடுதான். தமிழிலும் பேசலாம். ஆனாலும் சீட்டையும் கார்டையும் கையில் வாங்கிப் பார்த்து, “அம்மா, இது இந்தக் கேஸ், இங்கே கையெழுத்துப் போடுங்க” என்று சொல்ல எதிரே ஒரு ஆள் தேவை.

அதைவிடக் குழப்பம், எந்தக் குறைக்கு எங்கே போவது என்பது. தராசில் எடை குறைந்தால் அது தொழிலாளர் துறையின் கையில் இருக்கிறது, சட்டமுறை எடையளவு அவர்களுடைய பொறுப்பு. மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் மறுமுத்திரை வைக்க வேண்டும் என்பதைச் சந்தையில் பொருள் வாங்குகிறவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? கேன் தண்ணீரில் தேதி இல்லை, பாக்கெட்டில் பூச்சி என்றால் சுகாதாரத் துறையின் கீழ் வரும் உணவுப் பாதுகாப்பு அதிகாரி. நகையில் ஹால்மார்க் சந்தேகம் என்றால் இந்தியத் தர நிர்ணய அமைவனம். 2023 ஏப்ரல் முதல் ஹால்மார்க் போட்ட ஒவ்வொரு தங்க நகையிலும் ஆறு எழுத்து-எண் கொண்ட தனி அடையாளம் இருக்க வேண்டும், அதை அந்த அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பார்க்கலாம். ராயபுரத்தில் மகள் கல்யாணத்துக்குப் பவுன் சேர்க்கிற குடும்பங்களிடம் இதைச் சொன்னால், அப்படியா என்று கேட்கிறார்கள். மின்கட்டணத்தில் பிரச்சினை என்றால் மின்வட்டத்தின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம், அதற்கு மேலே மின்குறைதீர்ப்பாளர். ஒவ்வொன்றுக்கும் தனி வாசல், தனிப் படிவம், தனி எண். தப்பான வாசலில் போய் நிற்பவரிடம் ‘இது எங்களுடையது இல்லை’ என்று சொல்லி அனுப்புவது சுலபம். அப்படி ஒரு தடவை திரும்பியவர் மறுபடி எந்த வாசலுக்கும் போகமாட்டார்.

இந்த எல்லா வாசல்களையும் உங்கள் துறை நடத்த வேண்டும் என்று கேட்கவில்லை. முகாமில் புகாரை வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு எண் கொடுங்கள், எந்தத் துறைக்குப் போக வேண்டுமோ அதற்கு நீங்களே அனுப்புங்கள், அடுத்த மாத முகாமில் என்ன ஆயிற்று என்று சொல்லுங்கள். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, விவரம் தெரிந்த ஒரு ஊழியர் போதும். தன்னார்வ நுகர்வோர் அமைப்புகள் சென்னையில் பல ஆண்டுகளாக நடக்கின்றன, அவர்களை உட்காரச் சொன்னால் வருவார்கள். பள்ளி கல்லூரிகளில் குடிமக்கள் நுகர்வோர் மன்றங்களை நீங்களே வைத்திருக்கிறீர்கள். தேசிய நுகர்வோர் தினமான டிசம்பர் 24-க்குப் பேச்சுப்போட்டி, கட்டுரைப்போட்டி நடத்திப் பரிசு கொடுப்பதோடு விடாமல், அந்தப் பிள்ளைகளில் நான்கு பேரை முகாமில் மனு எழுதிக் கொடுக்க உட்கார வையுங்கள். அவர்களுக்கும் சட்டம் புத்தியில் பதியும்.

சிலிண்டர் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். பில்லில் இருக்கும் விலையில் வீட்டு வாசல் வரை கொண்டுவந்து கொடுப்பதும் அடக்கம். அப்படியிருந்தும் மாடிக்கு இவ்வளவு என்று மேலே காசு கொடுக்காமல் எங்கள் பக்கத்தில் சிலிண்டர் ஏறுவதில்லை. 14.2 கிலோ கேஸ் இருக்கிறதா என்று எடை போட்டுக் காட்டச் சொல்லும் உரிமை நமக்கு உண்டு, ஆனால் தராசோடு வருகிறவரை நான் பார்த்ததில்லை. இதில் சிலிண்டர் தூக்கி வரும் தம்பியோடு சண்டை போடச் சொல்கிறவர்களை நான் ஏற்கமாட்டேன். லிஃப்ட் இல்லாத நான்கு மாடி ஏறி இரும்பைத் தோளில் சுமப்பவர் அவர். அவருக்குச் சேர வேண்டிய கூலியை ஏஜென்சி ஒழுங்காகக் கொடுக்கிறதா என்று விசாரிப்பதுதான் சரியான இடத்தில் கை வைப்பது. வெளி மாவட்டங்களில் ஆட்சியர் அலுவலகத்தில் எண்ணெய் நிறுவனங்களையும் ஏஜென்சிகளையும் உட்காரவைத்து எரிவாயு நுகர்வோர் குறைதீர் கூட்டம் நடப்பதைச் செய்தித்தாளில் பார்க்கிறோம். அதை வியாசர்பாடியிலோ எண்ணூரிலோ ஒரு முறை நடத்துங்கள். சமூகக்கூடம் நிறைந்துவிடும்.

அப்புறம், சீட்டு. தீபாவளிச் சீட்டு, பலகாரச் சீட்டு, நகைச் சீட்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் காசிமேட்டில் விசைப்படகை நம்பியிருக்கும் வீடுகளுக்கு வரும்படி இல்லை. இருந்தும் மாதச் சீட்டுப் பணத்தை வட்டிக்கு வாங்கியாவது கட்டுகிறார்கள், நடுவில் விட்டால் கட்டியதும் போய்விடும் என்ற பயம். சீட்டு நடத்துகிறவர் கடையைப் பூட்டிக்கொண்டு போன பிறகு பொருளாதாரக் குற்றப் பிரிவு வருகிறது, வழக்கு வருகிறது, பணம் வருவதில்லை. சீட்டு நிறுவனம் பதிவு செய்யப்பட்டதா என்று பணம் கட்டும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள எங்களுக்கு ஓர் இடம் இருந்தால், எத்தனையோ வீட்டுச் சேமிப்பு தப்பும். பதிவுத் துறைதான் அதற்குப் பொறுப்பு என்பது தெரியும். முகாமில் அந்தப் பட்டியல் ஒட்டப்பட்டிருந்தால் போதும். பணம் போன பிறகு செய்கிற நூறு காரியங்களைவிட இது ஒன்று மேல்.

மாவட்ட ஆணையங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து மூன்று மாதம், ஆய்வகச் சோதனை வேண்டுமென்றால் ஐந்து மாதம். புகாரை இதற்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். எதிர்த்தரப்பு பதில் தர முப்பது நாள், மேலும் பதினைந்து நாள், அதற்குமேல் ஒரு நாளும் இல்லை என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே 2020 மார்ச்சில் தீர்ப்பளித்துவிட்டது. இவ்வளவு இருந்தும், தலைவர், உறுப்பினர் நாற்காலி காலியாகக் கிடந்தால் ஒரு தேதியும் நகராது. நாடு முழுக்க இந்த இடங்கள் நிரப்பப்படாமல் கிடந்ததை 2021-ல் உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்து விசாரிக்க வேண்டிவந்தது. நியமனம் மாநில அரசின் வேலை. ஒருவர் எந்தத் தேதியில் ஓய்வு பெறுகிறார் என்பது அவர் பதவியேற்ற நாளிலேயே தெரியும் அல்லவா? அந்தத் தேதிக்கு முன்பே அடுத்தவரைத் தேர்ந்தெடுத்து வைக்கும்படி நீங்கள் அரசை வற்புறுத்த வேண்டும். வட சென்னை ஆணையத்துக்கு வழக்கு கொண்டுபோகிறவர் ஒருநாள் கூலியை விட்டுவிட்டுப் போகிறார். அமர்வு இல்லை என்று திரும்பினால் அந்தக் கூலியை யார் கொடுப்பார்கள்?

தலைமை என்று வரும்போது, நான் உங்களிடம் எதிர்பார்ப்பதைத் திறந்தே சொல்லிவிடுகிறேன். ரேஷன் பக்கம் ஒரு மூட்டை எங்கே போகிறது என்பது வரைக்கும் உங்களிடம் கணக்கு இருக்கிறது. கடைத் தராசைப் பில் கருவியோடு இணைக்கிற வேலையையும் அரசு தொடங்கியது. எவ்வளவு எடை வைக்கிறார்களோ அவ்வளவுக்குத்தான் பில் விழ வேண்டும் என்ற எண்ணம் அதன் பின்னால் இருக்கிறது, பாராட்ட வேண்டிய எண்ணம். அதே கண்டிப்பு சந்தையை நோக்கியும் திரும்ப வேண்டும். மண்டலவாரியாக எத்தனை நுகர்வோர் புகார் வந்தது, எத்தனை தீர்ந்தது, எந்தத் துறையில் எத்தனை தேங்கிக் கிடக்கிறது என்று மாதந்தோறும் வெளியிடுங்கள். திருவொற்றியூர் மண்டலத்தில் ஒரு புகாரும் வரவில்லை என்று கணக்கு காட்டினால், அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்களிடம் குறை இல்லாததால் வந்த சைபராக அது இருக்காது.

மாநில நுகர்வோர் பாதுகாப்பு மன்றத்துக்கு அமைச்சர் தலைவர், மாவட்ட மன்றத்துக்கு ஆட்சியர் தலைவர். ஆண்டுக்கு இரண்டு கூட்டமாவது நடத்த வேண்டும் என்பது சட்டம். அந்தக் கூட்டங்களில் என்ன பேசினார்கள், என்ன முடிவெடுத்தார்கள் என்பதைத் தமிழில் வெளியிடுங்கள். சென்னை ஆட்சியர் அலுவலகம் ராஜாஜி சாலையில், சிங்காரவேலர் மாளிகையில், எங்கள் எல்லையிலேயே இருக்கிறது. 2019 சட்டத்தின் 16-ஆம் பிரிவு ஆட்சியருக்கு ஒரு பெரிய அதிகாரம் தந்திருக்கிறது. ஒரு தனி ஆளுக்கு மட்டும் இல்லாமல் நுகர்வோர் கூட்டமாகப் பாதிக்கப்பட்டால், நேர்மையற்ற வணிகத்தையும் பொய் விளம்பரத்தையும் அவர் விசாரித்து மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிக்கை அனுப்பலாம். எஸ்டிமேட் சீட்டு ஒரு அக்காவின் பிரச்சினை இல்லை, ஒரு கடைவீதியின் பிரச்சினை. இதற்கு அந்தப் பிரிவைவிடப் பொருத்தமான கருவி வேறு எனக்குத் தெரியவில்லை. நீங்களும் ஆட்சியரும் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரு கடைவீதியில் தொடங்கிப் பார்க்கலாம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருக்களில் தண்ணீர் வடிய நாட்களாயின. பால் பாக்கெட்டுக்கு அச்சிட்ட விலைக்கு மேல் கொடுத்துத்தான் குழந்தைக்குப் பால் காய்ச்சினோம். ஃபிரிட்ஜும் பைக்கும் மூழ்கிய வீடுகள் இன்ஷூரன்ஸ் படிவத்தை எப்படி நிரப்புவது என்று தெரியாமல் தவித்தன. நிவாரண முகாமில் சோறு கொடுக்கும்போதே பக்கத்தில் இதற்கும் ஒருவர் உட்கார்ந்திருந்தால் எவ்வளவோ உதவியாக இருந்திருக்கும். ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்கும் முன்னால் மாநகராட்சி மோட்டார் பம்பு தயார் செய்கிறது. உங்கள் துறையும் அந்த ஆயத்தக் கூட்டத்தில் இருக்க வேண்டும், அதிக விலைப் புகாருக்கு உடனே ஆள் அனுப்பும் ஏற்பாட்டோடு.

வட சென்னை வளர்ச்சித் திட்டம் 2024 மார்ச்சில் தொடங்கியது. சாலை, பள்ளி, மருத்துவமனை, குடிநீர்க் குழாய் என்று வேலைகள் நடக்கின்றன, நல்லது. அதில் கட்டப்படும் ஏதாவது ஒரு கட்டடத்தில் நுகர்வோர் உதவி மையத்துக்கு ஓர் அறை கேட்டு வாங்குங்கள். அதுவரை மண்டல அலுவலகத்து மேசை போதும்.

வரும் இரண்டாவது சனிக்கிழமை திருவொற்றியூர், ராயபுரம், பெரம்பூர் ஆகிய மூன்று மண்டல அலுவலகங்களில் மட்டுமாவது இதைத் தொடங்குங்கள். ‘கடையில் வாங்கிய பொருளில் குறையா? பில் தரவில்லையா? இங்கே சொல்லுங்கள்’ என்று பெரிய எழுத்தில் ஒரு பேனர் வாசலில் கட்டுங்கள். ஒரு முறை நீங்களே வந்து அந்த மேசையில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். துண்டுச்சீட்டு அடித்துக் கொடுத்தால் எங்கள் மகளிர் குழுவினர் வீடு வீடாகப் போய்க் கொடுக்கிறோம். அந்த அக்காவின் எஸ்டிமேட் சீட்டு இன்னும் பத்திரமாக இருக்கிறது, இரண்டு ஆண்டு கெடுவும் முடியவில்லை. முதல் மனு அவருடையதாக இருக்கும்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டையில் குடியிருக்கும் ஒரு நுகர்வோர்